புக்கிலும் துச்சிலும்: புதுவைக் கவிஞர் இருவர் கண்ட மனை

1. வினா

மனை என்னும் சொல் வீடு கட்டுதற்குரிய நிலத்தைக் குறிக்கும். அந்நிலத்தின்மேல் எழுந்த வீட்டைக் குறிக்கும். அவ்வீட்டை ஆளும் மனைவியையும் குறிக்கும். இல் என்னும் சொல்லும் வீட்டிற்கும் இல்லாளுக்கும் பொதுவாய் வழங்குவது. உறையுளும் இல்வாழ்வும் ஒன்றையொன்று பிரியாதன எனத் தமிழர் கருதினர் என்பதற்கு இச்சொல்லாட்சியே சான்றாக நிற்கின்றது.

எனினும், இல்லறம் உரைத்த நம் அறநூல்கள் இல்லத்தை உளதாகக் கொண்டே பேசின. விருந்தோம்பல், ஒப்புரவு, மக்கட்பேறு ஆகிய யாவும் ஒரு கூரையின்கீழ் நிகழ்வன. அக்கூரையை எளிய வருவாயுடைய ஒருவன் எங்ஙனம் பெறுவது என்னும் வினாவை அவை பெரிதும் எழுப்பவில்லை. நிலத்தோடு ஒட்டி வாழ்ந்த ஊர் வாழ்க்கையில் அவ்வினாவிற்கு மிகுதியான இடம் இல்லாமையும் இதற்கு ஒரு காரணம் ஆகலாம். திங்கள்தோறும் ஊதியம் வாங்கித் திங்கள்தோறும் வாடகை கொடுக்கும் நகர வாழ்வு பெருகிய பின்னரே அது கூர்மையுற்றது.

இவ்வினாவைப் புதுச்சேரியில் வாழ்ந்த கவிஞர் இருவரின் பாட்டுக்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒருவர் பாரதியார், பிறர் வீட்டில் குடியிருந்து பாடியவர். மற்றவர் பாரதிதாசனார், பள்ளியாசிரியராக ஊதியம் பெற்று வாழ்ந்தவர். இருவரும் மனையைப் பாடினர். ஆயினும் அவர்கள் பாடிய மனைகள் இரண்டும் ஒரு தன்மையன அல்ல.

2. வள்ளுவர் தந்த இரு சொற்கள்

ஆராய்ச்சிக்கு வேண்டிய கருவிச்சொற்களைத் திருக்குறளே நமக்குத் தருகின்றது. நிலையாமை அதிகாரத்தின் இறுதிக் குறளில் (340) வள்ளுவர் புக்கில், துச்சில் என்னும் இரு சொற்களை எதிரெதிர் நிறுத்துகின்றார். புகுந்தபின் நீங்காது தங்குதற்குரிய இல் புக்கில். பிறர்க்குரிய இடத்தில் ஒதுங்கியிருக்கும் இருப்பிடம் துச்சில். உடம்பினுள் உயிர் துச்சிலிருக்கின்றது என்பதும், அதற்குப் புக்கில் இன்னும் வாய்க்கவில்லை போலும் என்பதும் அக்குறளின் கருத்து.

குறளின் பொருள் உயிரின் நிலையாமையே. நாம் நோக்குவது அவ்வுவமையின் அடித்தளத்தை. உவமை என்பது தெரிந்ததைக் கொண்டு தெரியாததை விளக்குவது. கேட்போர் துச்சிலின் துன்பத்தை அறிந்திருந்தாலன்றி, உயிரின் நிலையை விளக்க அது பயன்படாது. ஆதலின், பிறர் வீட்டில் ஒதுங்கி வாழ்தலும், நமக்கென ஓர் இல் வாய்க்குமோ என ஏங்குதலும் வள்ளுவர் காலத்தார்க்குப் பழகிய துன்பங்களே எனத் துணியலாம். ஒதுங்கியிருப்போன் இடர்ப்படுவது இடம் குறுகியிருப்பதால் மட்டும் அன்று. எழுக என்று பிறர் சொல்லின் எழவேண்டும் என்பதே அவன் பெருந்துன்பம். இதனை உள்ளத்திற் கொண்டு புதுவைக்கு வருவோம்.

3. பாரதியாரின் துச்சில்

பாரதியார் புதுச்சேரிக்கு வந்தது 1908-ஆம் ஆண்டில். அதனை விட்டு நீங்கியது 1918 நவம்பரில். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தமையால் ஆங்கில அரசின் கை நேரே எட்டாத ஊர் அது. புகலிடம் கிடைத்தது, ஆனால் நிலையான வருவாய் கிடைக்கவில்லை. புதுவையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ இதழ் 1910-இல் நின்றது. அதன்பின் எழுத்தினால் வந்த வருவாய் ஒழுங்காக வந்ததன்று.

அக்காலத்துப் புதுவை, பெரிய வாய்க்காலால் இரு கூறுபட்ட நகரம். வாய்க்காலுக்குக் கிழக்கே கடலை ஒட்டி வெள்ளையர் நகர். மேற்கே தமிழர் நகர். உயர்ந்த மதிலும் உள்ளே தோட்டமும் கொண்டவை கிழக்கே இருந்த வீடுகள். தெருவை நோக்கிய திண்ணையும் உள்ளே முற்றமும் கொண்டவை மேற்கே இருந்த வீடுகள். இத்தமிழர் பகுதியைச் சேர்ந்த ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் பாரதியார் குடியிருந்தார். அவ்வீட்டுக்கு உரியவர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என வழங்கப்பெற்றவர். புதுவையில் பாரதியாருடன் பழகிய வ.ரா., தாம் எழுதி 1944-இல் வெளிவந்த ‘மகாகவி பாரதியார்’ என்னும் நூலில், வாடகைக்காகக் கவிஞரை நெருக்காத பண்பாளராக அச்செட்டியாரைக் காட்டுகின்றார்.

இச்செய்தியை வரலாற்றாசிரியர் பலரும் செட்டியாரின் பெருந்தன்மைக்குச் சான்றாக எடுத்தாள்வர். அது பொருந்தும். ஆயின் அதன் மறுபக்கமும் எண்ணத்தக்கது. வீட்டுக்காரர் நல்லவராக வாய்த்தமையால் கவிஞரின் குடியிருப்பு நிலைத்தது. அவர் வேறு தன்மையராயிருந்தால் நிலைத்திராது. பிறர் அருளால் நிற்கும் கூரை எத்துணை இனியதாயினும் துச்சிலே ஆகும்.

4. காணியும் உரிமையும்

‘காணி நிலம்’ என்னும் பாட்டைத் தமிழ் கற்றோர் யாவரும் அறிவர். அதனைக் கவிஞரின் கனவுலகம் எனவும், இயற்கை இன்பத்தில் தோய்ந்த உள்ளத்தின் வெளிப்பாடு எனவும் கொள்வதே பெரும்பான்மை வழக்கு. நிலவொளி, குயிலோசை, தென்றல் ஆகிய மூன்றும் ஒருங்கே வருதலின் அவ்வாறு கொள்ளுதற்கு இடமும் உண்டு. பாட்டின் அமைப்பை உற்று நோக்கின் வேறொன்று புலனாகின்றது.

பாட்டு முதலில் நிலத்தின் அளவைச் சொல்கின்றது. பின்னர் அந்நிலத்தில் நிற்க வேண்டிய கட்டடத்தையும் அதன் தூண், மாடம், நிறம் ஆகியவற்றையும் சொல்கின்றது. அதன்பின் கிணறு, கிணற்றை அடுத்துத் தென்னை, தென்னையின் எண்ணிக்கை பத்து அல்லது பன்னிரண்டு. நிலம், கட்டடம், கிணறு, மரம் என்னும் இவ்வைப்பு முறை நம் ஊர்க் கிரயப் பத்திரங்களைப் படித்தார்க்குப் புதியதன்று. பத்திரத்தின் சொத்து விவரம் நிலத்தின் பரப்பில் தொடங்கி, அதிலுள்ள கட்டடத்தையும் கிணற்றையும் கூறி, மாவடை மரவடை என மரங்களையும் விடாது எண்ணிச் செல்லும். கவிஞர் அதனைக் கருதியே பாடினார் என்பது நம் துணிபன்று. மனையை உரிமையாகப் பெறுவோன் எவ்வரிசையில் அதனை எண்ணிப் பார்ப்பானோ அவ்வரிசையிலேயே பாட்டு நடக்கின்றது என்பதே நாம் சொல்ல விழைவது. பத்திரத்தில் இருந்து பாட்டில் இல்லாதவை இரண்டு: ஒன்று நான்கெல்லை, மற்றொன்று விலை. விலை கொடுக்க இயலாதவன் பராசக்தியிடம் விண்ணப்பிக்கின்றான். நிலத்தை வேண்டியதோடு அமையாது, வீட்டையும் கட்டித் தருமாறு வேண்டுகின்றான்.

இனிக் காணி என்னும் சொல்லை நோக்குவோம். அது நில அளவைப் பெயர். 24 மனை கொண்டது ஒரு காணி. மனை ஒன்றுக்கு 2,400 சதுர அடியாகக் காணி 57,600 சதுர அடி ஆகும். இவ்வளவு நிலமும் அதில் ஒரு மாளிகையும் கேட்பது எளியவன் வேண்டுகோளாகுமா எனச் சிலர் வினவலாம். நகர மனையாகக் கணக்கிடின் அது மிகைதான். ஆனால் பாட்டின் இறுதியில் கவிஞர் தாம் வேண்டிய இடத்தைக் காட்டு வெளி என்றே குறிக்கின்றார். எனவே அவர் கேட்டது ஊருக்குள் அன்று, ஊர்ப்புறத்தில். ஊர்ப்புறத்தில் ஒரு காணி என்பது சிறு உழவன் ஒருவனின் நிலமே. நகரத்தில் குடியிருப்பவன் தனக்கென ஓர் இடத்தை எண்ணும்போது நகரத்தை விட்டு வெளியே செல்கின்றான் என்பது இங்கே கருதத்தக்கது.

அளவைப் பெயர் என்பதற்கும் மேலாக ஒரு பொருள் அச்சொல்லுக்கு உண்டு. சோழர் காலக் கல்வெட்டுக்களில் காணி என்பது வழிவழி வரும் நிலவுரிமையைக் குறிக்கும். காணியாளர், காணியாட்சி முதலிய வழக்குக்கள் அதினின்றும் தோன்றியவை. காணி உடையானை அந்நிலத்தினின்று எளிதில் அகற்றுதல் இயலாது. ஆகவே பாட்டின் முதற்சொல்லிலேயே அளவும் உரிமையும் ஒருங்கே அமைந்துள்ளன. வள்ளுவர் புக்கில் என்றதனைப் பாரதியார் காணி என்கின்றார்.

இதனோடு பாரதியாரின் வசனகவிதைத் தொகுதியில் ‘காற்று’ என்னும் பகுதியை ஒப்பிட்டுப் படித்தல் பயன்தரும். அங்கே வருவது ஒரு வீட்டு மாடியில் போட்ட பந்தல். ஏழெட்டு மூங்கிற் கழிகளைக் கயிற்றால் பிணித்து, மேலே தென்னங்கிடுகு பரப்பியது. அதில் தொங்கும் கயிற்றுத் துண்டுகள் காற்றில் ஆடிப் பேசிக் களிக்கின்றன. காணி நிலத்தில் தென்னை கிணற்றருகே உயிரோடு நின்று இளநீர் தருகின்றது. இங்கே அதே தென்னை உலர்ந்த கிடுகாகி வெயிலை மறைக்கின்றது. வேண்டிய மனைக்கும் கிடைத்த கூரைக்கும் உள்ள இடைவெளியை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது. கிடைத்த பந்தலிலும் கவிஞர் மகிழ்ச்சியே கண்டார் என்பது அவர்தம் பேராற்றல். அப்பேராற்றலைச் சுட்டி, எளியவர்க்குப் பந்தலே போதும் என வாதிடுவது அவருக்குச் செய்யும் நன்றியாகாது.

காணி நிலத்தின் முடிவும் சிந்திக்கத்தக்கது. மனை, மரம், மனைவி, கவிதை என வளர்ந்த வேண்டுகோள், தம் பாட்டுத் திறத்தால் உலகத்தைக் காக்க வேண்டும் என்பதில் சென்று முடிகின்றது. வீட்டினுள் அடங்குதற்காக வீடு கேட்கப்படவில்லை. ஒதுக்கிடத்தில் இருப்பவனுக்கு நாளை எங்கே என்னும் கவலையிலேயே நாள் கழியும். நிலைத்த இடம் பெற்றவனே பிறர்க்குப் பயன்படும் ஓய்வைப் பெறுகின்றான். பாட்டின் உயிர்நிலை இதுவே என்பது நம் கருத்து.

கவிஞரின் வறுமையைக் கொண்டு பாட்டுக்குப் பொருள் காண்பது முறையா எனின், அது மட்டும் போதாது என்பதில் ஐயமில்லை. வாழ்க்கைச் செய்தி ஒன்றும் அறியாத ஒருவர் படிப்பினும், அளவு, கட்டடம், கிணறு, மரம் என்னும் வரிசையும், காணி என்னும் சொல்லின் உரிமைப் பொருளும், உலகை நோக்கிய முடிவும் பாட்டினுள்ளேயே உள்ளன. வாழ்க்கைச் செய்தி அவற்றை உறுதி செய்கின்றது, அவ்வளவே.

5. பாரதிதாசனாரின் விளக்கும் இருளும்

பாரதியார் வேண்டிப் பாடிய மனையைப் பாரதிதாசனார் அடைந்த மனையாகப் பாடினார். 1942-இல் வெளிவந்த ‘குடும்ப விளக்கு’ முதற்பகுதி ஒரு நாள் நிகழ்ச்சியைக் கூறுகின்றது. வைகறையில் எழுந்து வாயிலில் கோலமிடுவது தொடங்கி, இரவில் கணவனுடன் உரையாடுவது ஈறாகத் தலைவியின் ஒரு நாள் வாழ்வு அதில் விரிகின்றது. வீட்டின் ஒவ்வொரு மூலையும் அவள் கைபட்டு விளங்குகின்றது. பின்வந்த பகுதிகள் விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு, முதியோர் காதல் என வாழ்வின் பருவங்களைத் தொடர்ந்து செல்கின்றன. ஒரே மனையில் ஒரு குடும்பம் வழிவழியாக நிலைத்திருத்தல் இந்நூல் முழுமைக்கும் அடிப்படை.

முதற்பகுதியின் இரவு உரையாடலில் தலைவி எழுப்பும் கேள்வி நம் ஆராய்ச்சிக்கு மிக வேண்டுவது. தமக்காக உழைத்த அந்நாளில் தமிழுக்கும் பொதுவாழ்வுக்கும் தாம் செய்தது என்ன என அவள் எண்ணுகின்றாள். காணி நிலத்தின் முடிவும் குடும்ப விளக்கின் முடிவும் இங்கே ஒன்றுபடுகின்றன. நல்ல மனை உலகை நோக்கித் திறக்கும் வாயில் என்பதில் ஆசிரியரும் மாணவரும் ஒருமித்தனர்.

வேறுபாடு எங்கே எனின், மனை எவ்வாறு வந்தது என்பதில். குடும்ப விளக்கின் தலைவன் கடையுடைய வணிகன். அவன் மனை முன்னரே அமைந்தது. அதனைப் பேணுதலே தலைவியின் திறன். 1944-இல் வெளிவந்த ‘இருண்ட வீடு’ இதற்கு மறுதலை. சோம்பலும் அழுக்கும் மூடநம்பிக்கையும் மலிந்த ஒரு குடும்பத்தை நகைச்சுவை ததும்பக் காட்டி, கல்வியின்மையே அவ்விருளுக்குக் காரணம் என நிறுவுவது அந்நூல். ஆக, வீடு ஒளிர்வதும் இருள்வதும் அதனுள் வாழ்வோரின் அறிவையும் ஒழுக்கத்தையும் பொறுத்தவை என்பது பாரதிதாசனாரின் கோட்பாடு.

இக்கோட்பாடு பாதி உண்மை. கல்வி ஒரு வீட்டை விளக்கும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் எண்மர் உறங்கும் ஓர் அறையில், தண்ணீருக்குத் தெருக்குழாயை நம்பி, வாடகை உயருமோ என அஞ்சி வாழும் குடும்பம் எத்துணை கற்றதாயினும், குடும்ப விளக்கின் தலைவியைப்போல் வைகறையில் யாழ் மீட்டுதல் இயலாது. அவ்வீட்டின் இருளுக்கு அறியாமை மட்டும் காரணம் ஆகாது. இடமின்மையும் காரணம் ஆகும். கூலிக்கு உழைப்போர் மிகுந்த நகரமாகவும் அந்நாளைய புதுவை விளங்கியது. பஞ்சாலைகள் அங்கே பெருகியிருந்தன. 1936 ஜூலை 30-இல் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிர் துறந்தனர். அத்தகைய தொழிலாளர் குடும்பம் ஒன்றின் ஒரு நாள் நிகழ்ச்சியைக் குடும்ப விளக்கின் அமைப்பில் வைத்து எண்ணிப் பார்த்தால், அந்நூலின் எல்லை எங்கே நிற்கின்றது என்பது விளங்கும். இது நூலின் குற்றம் அன்று. அது எடுத்துக்கொண்ட பொருளின் அளவு அவ்வளவே.

கவிஞரின் வாழ்க்கையோ அவர் பாடாத பாதியையும் நமக்கு உணர்த்துகின்றது. 1909-இல் ஆசிரியப்பணி ஏற்ற பாரதிதாசனார் 1946-இல் ஓய்வு பெற்றார். பெருமாள் கோயில் தெருவிலுள்ள 95-ஆம் எண் வீட்டை அவர் வாங்கியது 1945-இல். அப்போது அவர்க்கு அகவை 54; ஆசிரியப்பணியில் முப்பத்தாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. குடும்ப விளக்கின் முதற்பகுதியும் இருண்ட வீடும் அவ்வீட்டை வாங்குதற்கு முன்னரே எழுந்தவை. ஒழுக்கமும் கல்வியும் உழைப்பும் நிரம்பிய ஓர் ஆசிரியர்க்கே அவ்வீடு பணியின் இறுதியில்தான் வாய்த்தது என்றால், மனை என்பது அறிவால் மட்டும் வருவதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

6. இன்றைய புதுவையும் இவ்விரு பாட்டும்

பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் முடிவுற்றது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மக்கள்தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 12,47,953 ஆயிற்று. சுற்றுலா வளர வளரப் பழைய நகரின் வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. எளிய ஊதியம் பெறுவோர், காணி நிலத்தின் கவிஞர் எண்ணத்தால் சென்ற வழியிலே, ஊர்ப்புறம் நோக்கிச் செல்கின்றனர். அவர் விரும்பிச் சென்றார். இவர்கள் விலை தள்ளச் செல்கின்றனர்.

துச்சிலில் வாழ்வோரை வீட்டுக்காரரின் நற்பண்பை மட்டும் நம்பி விடலாகாது என்பதை அரசும் உணர்ந்தது. 1969-ஆம் ஆண்டின் புதுச்சேரிக் கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் அதற்குச் சான்று. விளக்கெண்ணெய்ச் செட்டியார் தம் பண்பினால் செய்ததைச் சட்டத்தினால் செய்விக்க எழுந்த முயற்சி என அதனைக் கூறலாம். உலக நாடுகள் அவை 1948 டிசம்பர் 10-இல் ஏற்றுக்கொண்ட மனித உரிமைப் பேரறிக்கையின் 25-ஆம் உறுப்பு, உணவு உடைகளோடு உறையுளையும் ஒவ்வொருவர்க்கும் உரிய வாழ்க்கைத்தரத்தின் பகுதியாக எண்ணுகின்றது. காணி என்னும் பழஞ்சொல்லின் உரிமைப் பொருளோடு இஃது இயைந்து நிற்றல் காண்க.

மைய அரசு 2015-இல் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம், ஆண்டு வருவாய் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பத்திற்கு உரிய வீட்டின் உட்பரப்பை 30 சதுர மீட்டர் அளவாக வகுத்தது. அஃது ஏறத்தாழ 323 சதுர அடி. காணி ஒன்றில் இத்தகைய பரப்பு 178 அடங்கும். கவிஞரின் காணியை எல்லார்க்கும் நகரத்தில் அளித்தல் இயலாது. அதனை வேண்டுவாரும் இலர். எனினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் பயன் உண்டு. அரசின் அளவு உறங்கவும் சமைக்கவும் வேண்டிய இடத்தைக் கணக்கிடுகின்றது. கவிஞரின் அளவு, கிணற்று நீரையும் மரநிழலையும் நிலவொளியையும் காற்றையும் சேர்த்தே கணக்கிடுகின்றது. தகுதியான வீடு எது என்னும் வினாவிற்கு, கூரையும் சுவரும் மட்டும் விடையாகா என்பதைக் காணி நிலம் நமக்குக் கற்பிக்கின்றது. சிறிய வீட்டிலும் ஒளி வரலாம், காற்று வரலாம், பல வீடுகளுக்குப் பொதுவாகவேனும் பத்துத் தென்னை நிற்கலாம். இவை கனவுகள் அல்ல. வீடமைப்போர் கருத்தில் கொள்ள வேண்டிய அளவைகள்.

7. முடிவு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன மூன்று. காணி நிலம் என்னும் பாட்டு, இயற்கைக் கனவு என்பதினும், துச்சிலில் வாழ்ந்த ஒருவன் புக்கிலுக்கு விடுத்த விண்ணப்பம் எனக் கொள்ளுதலே அதன் சொல்லுக்கும் அமைப்புக்கும் பொருந்துவது என்பது ஒன்று. குடும்ப விளக்கும் இருண்ட வீடும் மனையைப் பேணும் முறையைக் கூறினவேயன்றி, மனையைப் பெறும் வழியைக் கூறவில்லை என்பது இரண்டு. பேணுதற்குப் பெறுதல் முற்பட வேண்டும் ஆதலின், மாணவரின் நூல்களை ஆசிரியரின் பாட்டோடு சேர்த்தே படித்தல் வேண்டும். இரு கவிஞரும் நல்ல மனையை உலகத்தொண்டின் முதற்படியாகவே கண்டனர் என்பது மூன்று.

ஈசுவரன் தருமராசா கோயில் தெருவிலும் பெருமாள் கோயில் தெருவிலும் இவர்கள் வாழ்ந்த வீடுகள் இன்று நினைவகங்களாகப் போற்றப்படுகின்றன. அது தக்கதே. வாடகைக்கு இருந்த கவிஞரும், முதுமையின் வாயிலில் வீடு வாங்கிய ஆசிரியரும் நமக்கு விட்டுச் சென்ற வினா அந்நினைவகங்களுக்கு வெளியே, இவ்வூரின் ஒவ்வொரு வாடகை வீட்டிலும் விடை வேண்டி நிற்கின்றது. அவர்தம் பாட்டுக்களைக் கற்பிக்கும் நாம், அவ்வினாவையும் சேர்த்துக் கற்பிப்பதே முறை.